பதினோரு வருடமாக வைத்திருக்கும் கடற்கொள்ளையர் புத்தகம்: இரண்டாம் பைண்டிங்குக்குப் பிறகு

'எ ஜெனரல் ஹிஸ்டரி ஆஃப் தி பைரேட்ஸ்' புத்தகத்தைப் போன வாரம்தான் பைண்டிங் போட்டு வாங்கி வந்தேன். பதினோரு வருடத்தில் இது இரண்டாம் முறை. எழுநூறு பக்கத்துக்கு மேல் போகிற புத்தகத்தை வெறும் பசையை நம்பி ஒட்டினால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது, பார்த்தலோமியூ ராபர்ட்ஸ் என்ற கொள்ளைக் கப்பல் கேப்டனைப் பற்றிய அத்தியாயம் கொத்தாகக் கழன்று கையோடு வந்துவிட்டது. கடைக்காரர் நூல் போட்டுத் தைத்து, முதுகில் காடாத் துணி ஒட்டிக் கொடுத்தார். அதைப் படம் எடுத்து அனுப்பினேன், பார்த்த நண்பன் கேட்டான்: "இவ்வளவு செலவு பண்றியே, நானும் ஒண்ணு வாங்கலாமா?" அவனுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

'எ ஜெனரல் ஹிஸ்டரி ஆஃப் தி பைரேட்ஸ்' என்ன புத்தகம் என்று அவனுக்கே தெரியும். கடற்கொள்ளையர்களின் வாழ்க்கைக் கதைகள், 1724-ல் லண்டனில் வந்தது, ஆசிரியர் பெயர் கேப்டன் சார்லஸ் ஜான்சன், அந்தப் பெயருக்குப் பின்னால் யார் என்பது இன்றுவரை உறுதியாகவில்லை. என் பதிப்பின் அட்டையில் 'ராபின்சன் குரூசோ' எழுதிய டேனியல் டீஃபோ பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறது. 1932-ல் ஜான் ராபர்ட் மூர் என்ற ஆய்வாளர் கிளப்பிவிட்ட கருத்து அது. 1988-ல் ஃபர்பாங்க், ஓவன்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதற்குச் சரியான ஆதாரம் இல்லை என்று காட்டிவிட்டார்கள். சரி, அட்டையை நான் பொறுத்துக்கொள்வேன். உள்ளே இருப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பதினோரு வருடத்தில் நான் அதிகம் திரும்பிப் போன பக்கங்கள் அவை. ராபர்ட்ஸ் கப்பலின் விதிகள்: எல்லோருக்கும் ஓட்டு உண்டு. இரவு எட்டு மணிக்கு விளக்கும் மெழுகுவர்த்தியும் அணைக்க வேண்டும், அதற்கு மேல் குடிக்க வேண்டுமென்றால் மேல்தளத்துக்குப் போய்க் குடிக்கலாம். கை கால் இழந்தவனுக்குப் பொது நிதியிலிருந்து 800 ஸ்பானிய வெள்ளி நாணயங்கள். கேப்டனுக்கு இரண்டே பங்குதான். வாத்தியக்காரர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு. இந்தக் கடைசி விதியைப் படிக்கும்போதெல்லாம் வாரத்தின் மற்ற ஆறு நாளும் யாராவது கேட்டால் மறுக்க முடியாமல் வாசித்துக்கொண்டே இருந்த அந்த ஆட்களின் விரல்கள்தான் எனக்கு ஞாபகம் வரும்.

அப்புறம் தாமஸ் ஆன்ஸ்டிஸ் என்ற இன்னொரு கொள்ளைக் கப்பல் கேப்டனின் ஆட்கள். மன்னரிடம் மன்னிப்புக் கேட்டு மனு அனுப்பிவிட்டு, கியூபாவை ஒட்டிய ஆளில்லாத் தீவில் மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். பொழுது போக ஒரு நீதிமன்ற நாடகம் போடுகிறார்கள். நீதிபதி மரத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறான், தோளில் அழுக்குத் தார்ப்பாய்தான் அங்கி, மூக்கில் கண்ணாடி. கைதி கெஞ்சுகிறான், நீதிபதியோ சாப்பாடு தயாரா என்று கேட்கிறான். தயார் என்றதும், எனக்குப் பசிக்கிறது, ஆகவே உன்னைத் தூக்கில் போட வேண்டியதுதான் என்று தீர்ப்பு. இன்று நீதிபதியாக இருந்தவன் நாளை கைதியாக நிற்பான், முறை வைத்து ஆடுகிறார்கள். பிடிபட்டால் உண்மையிலேயே தூக்குதான் என்று தெரிந்தவர்கள் ஆடிய ஆட்டம் இது. ராபர்ட்ஸ் 1722 பிப்ரவரியில் செத்த பிறகு மேற்கு ஆப்பிரிக்காவின் கேப் கோஸ்ட் கோட்டையில் அவருடைய ஆட்கள் 52 பேரைத் தூக்கிலிட்டார்கள், அவர்களின் பெயர், வயது, ஊர் எல்லாம் இதே புத்தகத்தில் பட்டியலாக இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள்.

இப்போது என் கோபத்துக்கு வருகிறேன். 1728-ல் வந்த இரண்டாம் தொகுதியில் மிஸ்ஸன் என்ற பிரெஞ்சுக்காரர் வருகிறார். கரச்சியோலி என்ற பாதிரியாரோடு சேர்ந்து அடிமைகளை விடுவித்து, மடகாஸ்கரில் லிபர்டாலியா என்று ஒரு குடியரசு அமைக்கிறார். அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. ஒரு வாசகர் கூட்டத்தில் இருபது நிமிடம் அதைப் பற்றி மட்டுமே பேசினேன், குரல் தழுதழுக்கப் பேசினேன். முடிந்ததும் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார்: "தம்பி, நல்லா பேசினீங்க. ஆனா அப்படி ஒரு ஆள் இருந்ததே இல்லை."

வீட்டுக்கு வந்து தேதிகளைப் பார்த்தேன். கதையின் ஆரம்பத்திலேயே மிஸ்ஸனின் கப்பலோடு மோதி வெடித்துச் சிதறுவது வின்செல்ஸி என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பல். நிஜ வின்செல்ஸி 1707-ல் புயலில் போனது. அதற்கெல்லாம் பிறகு லிபர்டாலியாவுக்கு வந்து சேர்கிற தாமஸ் டியூ நிஜக் கடற்கொள்ளையர், 1695-லேயே செங்கடல் பக்கம் முகலாயக் கப்பலைத் தாக்கப் போய்ச் செத்தவர். நிஜ ஆளையும் இல்லாத ஆளையும் ஒரே மேசையில் உட்கார வைத்திருக்கிறார் ஜான்சன்.

அந்தக் காலத்து வழக்கம் அப்படி, செய்தியும் கதையும் கலந்துதான் அச்சாகும் என்று சமாதானம் சொல்லலாம். நானே சொல்லிப் பார்த்தேன். ஆனால் இதே ஜான்சன்தான் ஆன் பானி என்ற கடற்கொள்ளைக்காரியின் கதையை முடிக்கும்போது, அதற்குப் பிறகு அவள் என்ன ஆனாள் என்று தெரியாது, தூக்கிலிடப்படவில்லை என்பது மட்டும் தெரியும் என்று எழுதியிருக்கிறார். 1720-ல் ஜமைக்காவில் மரண தண்டனை பெற்று, வயிற்றில் பிள்ளை இருப்பதாகச் சொல்லித் தப்பிய பெண் அவள். அவளுக்கு ஒரு முடிவு கட்டி எழுதுவது எவ்வளவு சுலபம்! எழுதவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லத் தெரிந்தவர் மிஸ்ஸனை மட்டும் ஏன் அதே குரலில், ஒரு சின்ன அறிகுறிகூட இல்லாமல் சொன்னார்? இதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

அதன் பிறகு எந்தப் பக்கத்தையும் பழையபடி படிக்க முடியவில்லை. பிளாக்பியர்ட் என்ற கொள்ளையர் தலைவன் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்துவிட்டு மேசைக்கு அடியில் துப்பாக்கியால் சுட்டு, தன் ஆளான இஸ்ரேல் ஹேண்ட்ஸின் முழங்காலை நொறுக்கிய இடம் வருகிறது, உடனே இதை யார் பார்த்தது என்று மனம் கேட்கிறது. (1883-ல் வந்த 'ட்ரெஷர் ஐலண்ட்' நாவலில் இருக்கும் ஹேண்ட்ஸின் பெயர் இங்கிருந்து போனதுதான்.) ராபர்ட்ஸின் விதிகள்கூட அப்படித்தான். கையெழுத்துப் போட்ட மூலத்தாளைக் கடலில் எறிந்துவிட்டார்கள் என்று ஜான்சனே சொல்கிறார், அப்படியானால் இவருக்கு எப்படிக் கிடைத்தது? நியாயமாகச் சொன்னால், எட்வர்ட் லோ என்ற இன்னொரு கடற்கொள்ளையரின் கப்பல் விதிகள் 1723-ல் பாஸ்டன் செய்தித்தாளில் அச்சாகியிருக்கின்றன, அதிலும் ஊனமுற்றவனுக்கு இழப்பீடு உண்டு. ஆக அது முழுக்கக் கற்பனை இல்லை. ஆனால் ஒவ்வொரு பக்கத்துக்கும் இப்படி வெளியே போய்ச் சாட்சி தேட வேண்டியிருக்கிறது, அலுத்துப்போகிறது.

பைண்டிங்குக்குக் கொடுக்கும்போது மிஸ்ஸன் பக்கங்களைத் தனியாக எடுத்து வைத்துவிட்டேன். கடைக்காரர் பக்க எண்ணைப் பார்த்துவிட்டு, நடுவில் குறைகிறதே என்று போன் செய்தார். கொண்டுபோய்க் கொடுத்தேன். இப்போது அந்த அத்தியாயத்தின் தலைப்புக்கு மேல் பென்சிலால் 'கற்பனை' என்று எழுதி வைத்திருக்கிறேன்.

ஆகவே, வாங்காதே. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா, மரத்தின் மேல் நீதிபதி உட்கார்ந்திருக்கும் பக்கங்களை வாசித்துக் காட்டுகிறேன்.