குமிழியா, நடையா, வீடியோவா? வீடுகள் சந்திக்கத் தடை இருக்கும்போது எது கைகொடுக்கும்

எங்கள் நெருங்கிய சொந்தத்தில் ஐந்து வீடுகள். அதில் ஒன்றில் சித்தி மட்டும் தனியாக இருக்கிறார். 2020இல் கொரோனா பரவி, ஒரு வீட்டார் இன்னொரு வீட்டுக்குப் போகக் கூடாது என்று விதி வந்ததும், ஐந்து வீடும் ஐந்து வழியைப் பிடித்துக்கொண்டன. அண்ணன் வாரம் தவறாமல் எல்லோரையும் வீடியோவில் கூட்டினார். மாமா வாசலோடு நின்று பேசிவிட்டுப் போனார். அக்கா, கட்டுப்பாடு கொஞ்சம் தளர்ந்ததும், 'இத்தனை பேர் வரலாம் என்றுதான் சொல்லிவிட்டார்களே' என்று வாரம் ஒரு வீட்டை அழைத்தார். எது சரி என்று வாக்குவாதம் நடந்தது, மனஸ்தாபமும் வந்தது.

அந்த வழிகளை இப்போது நிதானமாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். பழைய கதை என்று இதை ஒதுக்க முடியாது. கீமோதெரபி எடுத்துக்கொள்பவரோ, உறுப்பு மாற்றுச் சிகிச்சை செய்துகொண்டவரோ இருக்கும் வீடுகள் இன்றைக்கும் யாரை உள்ளே விடலாம் என்று யோசித்துக்கொண்டுதான் இருக்கின்றன.

எதை வைத்து ஒப்பிடுவது? தொற்று பரவ எவ்வளவு வழிவிடுகிறது, மனசுக்கு எவ்வளவு ஆறுதல் தருகிறது என்ற இரண்டையும் எல்லோரும் பார்த்தோம். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. எத்தனை மாதம் தாங்கும்? முதல் மாதத்தில் எல்லா வழியும் நன்றாகத்தான் இருந்தது. ஆறாவது மாதத்தில்தான் வித்தியாசம் தெரிந்தது.

குமிழி: ஒரே ஒரு வீட்டோடு முழுசாகச் சேர்வது

'குமிழி' என்ற சொல்லை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது நியூசிலாந்து. 2020 மார்ச் 25 நள்ளிரவில் அங்கே முழு முடக்கம் தொடங்கியது. கூட வசிப்பவர்கள் மட்டுமே உங்கள் குமிழி. ஏப்ரல் கடைசியில் கட்டுப்பாடு ஒரு படி இறங்கியபோது, நெருங்கிய சொந்தம், பராமரிப்பு தருபவர், தனிமையில் இருப்பவர் என்று சிலரைச் சேர்த்துக் குமிழியைக் கொஞ்சம் பெரிதாக்கிக்கொள்ள அனுமதித்தார்கள். அதே ஏப்ரலில் கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணம் இரண்டு வீடுகள் ஜோடி சேரலாம் என்றது. இரு தரப்பும் ஒப்புக்கொள்ள வேண்டும், சேர்ந்த பிறகு ஜோடியை மாற்றக் கூடாது. இங்கிலாந்தில் ஜூன் 13 முதல், வயது வந்தவர் ஒருவர் மட்டும் இருக்கும் வீடு வேறொரு வீட்டோடு சேர்ந்துகொள்ளலாம் என்று ஆனது. அங்கே ராத்திரி தங்கலாம், கட்டிப்பிடிக்கலாம், இரண்டு மீட்டர் தள்ளி நிற்க வேண்டியதில்லை.

இது பாதுகாப்பாக இருப்பதற்குக் காரணம் எளிமையான ஒரு கணக்கு. ஐந்து வீடுகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டால் பத்து இணைப்புகள். ஒரு வீட்டில் காய்ச்சல் வந்தால் மற்ற நான்குக்கும் நேர்வழி. இரண்டிரண்டாக ஜோடி சேர்ந்து ஒரு வீடு தனியே நின்றால் இணைப்பு இரண்டுதான். ஆனால் அந்த 'மட்டும்' உடையக் கூடாது. நாங்கள் உங்களோடு மட்டும், நீங்கள் எங்களோடும் இன்னொரு வீட்டோடும் என்றால், அந்த இன்னொரு வீட்டோடு நாங்களும் சேர்ந்துவிட்டோம் என்றுதான் அர்த்தம். நமக்குத் தெரியாமலேயே.

ஆறுதல் என்று பார்த்தால் இதற்கு ஈடாக எதையும் சொல்ல மாட்டேன். நாங்கள் சித்தியோடு சேர்ந்துகொண்டோம். முதல் நாள் வந்தவர் என் மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசவே இல்லை. பதினோரு வாரமாக ஒரு மனிதரையும் தொடாமல் இருந்திருக்கிறார். தினமும் போனில் 'நல்லா இருக்கேன்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார், நாங்களும் நம்பிக்கொண்டிருந்தோம்.

விலையும் உண்டு. ஒருவரைச் சேர்ப்பது என்றால் மற்றவர்களை விடுவது. பெல்ஜியத்தில் 2020 நவம்பரில் வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் நெருங்கிப் பழக ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுக்கலாம் என்று விதி வந்தது. அந்த ஆளைக் குறிக்க அவர்கள் வைத்த பெயருக்கு 'கட்டியணைக்கும் தொடர்பு' என்று அர்த்தம். அந்த ஆண்டின் சொல்லாக ஃபிளாண்டர்ஸ் பகுதியில் அதையே தேர்ந்தெடுத்தார்கள். கேட்க இதமாக இருக்கிறது. ஆனால் அந்த ஒருவராக நாம் இல்லை என்று தெரியவரும் நண்பருக்கு எப்படி இருந்திருக்கும்?

சேர்வதற்கு முன் சில விஷயங்களை வாய்விட்டுப் பேசிவிட வேண்டும். யார் வேலைக்கு வெளியே போகிறார்கள், கடைக்குள் முகக்கவசம் போடுகிறார்களா, பிள்ளைகள் யாரோடு விளையாடுகிறார்கள். எல்லாவற்றையும்விட, தொண்டை லேசாகக் கரகரத்தால்கூட மறைக்காமல் சொல்வது. அறிகுறி தெரிவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே ஒருவர் தொற்றைக் கடத்த முடியும் என்பதால், தகவல் ஒரு நாள் தாமதமானாலும் குமிழி முழுக்கப் போய்விடும். சொல்பவரைக் குற்றவாளிபோல் பார்க்காத வீட்டில்தான் உண்மை உடனே வெளியே வரும்.

வெளியே நடப்பது

இரண்டாவது இடத்தை யோசிக்காமல் இதற்குத் தருவேன். மூச்சு வழியாக வரும் நுண்துளிகள் மூடிய அறையில் சிகரெட் புகைபோலத் தேங்கும், திறந்த வெளியில் கலைந்துவிடும். மூடிய அறை என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் நடந்த ஒரு பாடல் ஒத்திகையைச் சொல்வார்கள். 2020 மார்ச் 10. 61 பேர், இரண்டரை மணி நேரம். வந்தவர்களில் ஒருவருக்கு அறிகுறி இருந்தது. அவரையும் சேர்த்து 53 பேருக்குத் தொற்று உறுதியானது அல்லது இருந்திருக்கும் என்று முடிவானது. இருவர் இறந்தார்கள். அதன்பிறகு தளர்வு வந்த பல இடங்களில் முதலில் திறந்தது வெளிச் சந்திப்புதான். இங்கிலாந்தில் 2021 மார்ச் 29 அன்று ஆறு பேரோ இரண்டு வீட்டாரோ வெளியே சந்திக்கலாம் என்றார்கள், வீட்டுக்குள் சந்திக்க மே 17 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2021 அக்டோபரில் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரிலும் இரண்டு குமிழிகள், பத்துப் பேருக்கு மிகாமல், வெளியே மட்டும் என்றுதான் தொடங்கினார்கள்.

பாதுகாப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். பக்கத்தில் பக்கத்தில் நடக்கும்போது வருகிற பேச்சு வேறு மாதிரியானது. முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. நடுவில் மௌனம் வந்தால் சங்கடம் இல்லை, கால்தான் நடந்துகொண்டிருக்கிறதே. எங்கள் அத்தான் அதிகம் பேசாதவர். வேலை போன விஷயத்தை வீடியோ அழைப்பில் இரண்டு மாதம் வாய் திறக்கவில்லை. ஒரு மாலை நடையில், என்னைப் பார்க்காமல், பாதையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

எல்லோருக்கும் ஒத்துவராது என்பதையும் சொல்ல வேண்டும். முழங்கால் வலி உள்ளவரை நடக்க வா என்று கூப்பிட முடியாது. அவருக்கு வெளியே இரண்டு நாற்காலி போட்டால் போதும், நடை என்பது கட்டாயமில்லை. காது மந்தமானவருக்கு இரண்டு மீட்டர் தூரமும் முகக்கவசமும் சேர்ந்தால் பாதிப் பேச்சு போய்விடும். உதடு தெரியாதது அவர்களுக்கு எவ்வளவு பெரிய இழப்பு என்று நம்மில் பலருக்கு அப்போதுதான் புரிந்தது. அவர்களோடு ஒருவர் மட்டும் போய், ஆரவாரம் இல்லாத இடத்தில், நிதானமாகப் பேசுவது நல்லது. அப்புறம் கழிப்பறை. வயதானவர்கள் வெளியே வரத் தயங்கியதற்கு முக்கால்வாசிக் காரணம் இதுதான், அதைச் சொல்லக் கூச்சம். அழைக்கும்போதே 'நடுவில் வீட்டுக்குள் போய்விட்டு வரலாம், நாங்கள் தள்ளி நிற்கிறோம்' என்று சொல்லிவிட்டால் அந்தத் தயக்கம் போய்விடும்.

அளவு வைத்து மாறி மாறி அழைப்பது

அக்கா பிடித்த வழி இது. ஆறு பேருக்கு மேல் ஒன்றுகூடக் கூடாது என்ற இங்கிலாந்தின் 'ஆறு பேர்' விதி 2020 செப்டம்பர் 14இல் வந்தது. சிங்கப்பூரில் ஜூன் 2 முதல் ஒரு நாளைக்கு ஒரு முறை பெற்றோரையோ தாத்தா பாட்டியையோ போய்ப் பார்க்கலாம், இருவருக்கு மேல் கூடாது என்று தொடங்கி, ஜூன் 19இல் ஐந்து பேர், டிசம்பர் 28இல் எட்டு என்று ஏறி, 2021 மே 16இல் மறுபடியும் இரண்டுக்கு இறங்கியது.

விதியாக இதில் தவறில்லை, அரசாங்கம் எங்காவது ஒரு கோடு போட்டுத்தான் ஆக வேண்டும். வீட்டுக்கான வழியாகத்தான் இது பலவீனம். ஒரு வேளைக்கு இத்தனை பேர் என்றால், வாரம் முழுக்க எத்தனை பேர் என்ற கணக்கு மறைந்துவிடுகிறது. நாளுக்கு இருவர் என்றால்கூட, தினமும் வேறு வேறு ஆட்கள் வந்தால் வாரத்துக்கு 14 பேர். அக்கா ஒரு நாளும் விதியை மீறியதில்லை. ஆனால் ஒரு மாதத்தில் அவர் வீட்டு வாசலைத் தாண்டியவர்கள் எங்களுடையதைப்போல ஐந்து மடங்கு இருப்பார்கள்.

இன்னொன்று, தலைக்கணக்கு பெரிய குடும்பங்களைத் தண்டிக்கிறது. இங்கிலாந்தில் கைக்குழந்தையையும் ஒரு தலையாக எண்ணினார்கள். அம்மா, அப்பா, நாலு பிள்ளைகள் என்றால் ஆறு முடிந்தது, தாத்தாவுக்கு இடமில்லை. ஸ்காட்லாந்தில் 12 வயதுக்குட்பட்டவர்களை எண்ணவில்லை, அது கொஞ்சம் மனசாட்சியுள்ள விதி.

பண்டிகைத் தளர்வும் இந்த வகைதான். அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு டிசம்பர் 23 முதல் 27 வரை மூன்று வீடுகள் கூடலாம் என்று பிரிட்டன் நவம்பரில் அறிவித்தது. டிசம்பர் 19 அன்று லண்டனுக்கும் தென்கிழக்குக்கும் அதை ரத்து செய்து, இங்கிலாந்தின் மற்ற பகுதிகளுக்கு ஒரே நாளாகச் சுருக்கினார்கள். ஒரு மாதம் காத்திருந்து ஆறு நாள் முன்னால் இல்லை என்றால் எப்படி இருக்கும்! வருஷத்துக்கு ஒரு பெரிய சந்திப்பை நம்பி உட்கார்ந்திருப்பதைவிட, வாராவாரம் ஒரு சின்னச் சந்திப்பைப் பிடித்துக்கொள்வது மேல் என்று எனக்கு அப்போது உறுதியானது.

சோதனை செய்துகொண்டு, ஜன்னலைத் திறந்துவைத்து

ரேபிட் சோதனை கைக்கு வந்த பிறகு பலர் இதற்கு மாறினார்கள். பதினைந்து முதல் முப்பது நிமிடத்தில் பதில் வந்துவிடும். ஆனால் அது அந்த நேரத்து நிலையை மட்டுமே சொல்கிறது. தொற்றின் தொடக்க நாட்களில், அறிகுறி இல்லாதவரிடம், அது தவறவிடுவது அதிகம். நேற்று ராத்திரி எடுத்ததை நம்பி இன்று மத்தியானம் வருவதில் பயனில்லை, கிளம்புவதற்குச் சற்று முன் எடுக்க வேண்டும். கூடவே எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவைக்க வேண்டும். நாம் விடும் மூச்சில் உள்ள கரியமில வாயு அறையில் எவ்வளவு தேங்குகிறது என்று காட்டும் மீட்டர் வைத்திருப்பவர்கள் அதையும் பார்க்கலாம். வெளிக்காற்றில் அந்த வாயு 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் 420 பங்கு) அளவில் இருக்கும், அறைக்குள் 800ஐத் தாண்டாமல் இருந்தால் காற்று நன்றாக மாறுகிறது என்று கொள்ளலாம். தவிர்க்க முடியாத சந்திப்புக்கு இது நல்ல துணை. இதையே காரணமாக வைத்துச் சந்திப்புகளைப் பெருக்கினால் பலன் போய்விடும்.

வீடியோவும் போனும்

ஜூமில் ஒரு நாளில் கூட்டங்களில் சேர்ந்தவர்களின் எண்ணிக்கை 2019 டிசம்பரில் அதிகபட்சம் ஒரு கோடி. 2020 ஏப்ரலில் 30 கோடியைத் தாண்டியது. தொற்று ஆபத்து துளியும் இல்லாத ஒரே வழி, கண்டம் தாண்டி இருக்கும் பிள்ளைகளுக்கு வேறு வழியும் இல்லை. ஆனால் ஆறாம் மாதம் வரும்போது அண்ணனின் ஞாயிற்றுக்கிழமை அழைப்பில் பாதிப் பேர் இல்லை. பன்னிரண்டு பேர் சேர்ந்தால் இரண்டு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் சிரித்த முகத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நேரில் என்றால் மூலைக்கு மூலை நாலு பேச்சு தனித்தனியே நடக்கும். திரையில் அதற்கு இடமில்லை.

நீடித்தது எது என்றால், ஏதாவது ஒரு வேலையைச் சேர்ந்து செய்த அழைப்புகள். அண்ணி தினமும் ராத்திரி பத்து நிமிடம் என் மகளுக்குக் கதை படித்துக் காட்டுவார். அது ஒன்றரை வருஷம் நின்றதே இல்லை. பெரியவர்களோடு பேச வெறும் போனே போதும் என்பது என் அனுபவம். படம் சரியாகத் தெரிகிறதா என்ற கவலை இல்லாமல், காய்கறி நறுக்கிக்கொண்டே பேசலாம்.

வாசலிலோ ஜன்னலுக்கு அப்பாலோ நின்று பார்ப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பிறந்த குழந்தையைக் காட்ட, மருந்து கொடுக்க, முகம் பார்க்க நல்லது. மறதி நோய் உள்ளவரிடம் மட்டும் யோசித்துச் செய்ய வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பவர் ஏன் உள்ளே வரவில்லை என்று புரியாமல் அவர்கள் தவிப்பார்கள்.

எந்த வீட்டுக்கு எது

தனியாக இருப்பவருக்குக் குமிழி. அதில் எனக்கு இரண்டாம் எண்ணமே இல்லை. ஒரு குடும்பத்தில் யாரோடு யார் சேர்வது என்ற கேள்வி வந்தால், கணக்கை அவரிடமிருந்துதான் தொடங்க வேண்டும். கூடப் பிறந்தவர்களில் யார் யாருக்கு நெருக்கம் என்பதெல்லாம் அடுத்துதான். சின்னப் பிள்ளைகள் உள்ள இரண்டு வீடுகள் ஜோடி சேர்ந்தால், பிள்ளைகளை மாறி மாறிப் பார்த்துக்கொள்ளலாம், பெரியவர்களுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். எதிர்ப்புசக்தி குறைந்தவர் இருக்கும் வீட்டுக்கு வெளிச் சந்திப்பும் போனும் முதலில், சோதனையோடு உள்ளே வருவது அபூர்வமாக. ஏற்கெனவே நாலைந்து பேர் கூட இருக்கும் வீடு, சேர ஆளில்லாமல் போனாலும் வாரம் ஒரு நடையை வைத்துக்கொண்டு சமாளித்துவிடும்.

குமிழிக்கு வெளியே விடப்பட்டவர்களுக்கு என்ன செய்வது என்பதில்தான் நாங்கள் தவறினோம். அவர்களிடம் நேராகக் காரணத்தைச் சொல்லி, அதே பேச்சிலேயே நடைக்கு ஒரு நாளையும் நேரத்தையும் குறித்துவிட வேண்டும். 'அப்புறம் பார்க்கலாம்' என்பது அவர்கள் காதில் 'நீங்கள் வேண்டாம்' என்றுதான் விழும். நான் அக்காவிடம் சொல்லத் தயங்கி இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன். அதற்குள் என் மகள் வீடியோ அழைப்பில் 'சித்திப்பாட்டி நேத்து இங்கதான் தூங்கினாங்க' என்று சொல்லிவிட்டாள். அக்கா ஒன்றும் கேட்கவில்லை, சிரித்துக்கொண்டே வேறு பேச்சுக்குப் போய்விட்டார். எங்கள் முதல் நடை அதற்கு ஒரு மாதம் கழித்துத்தான் நடந்தது.