மூத்த ஓட்டக்காரருக்கு எந்த அளவுகோல்?

மூத்தோர் ஓட்டப் போட்டிகளில் வயதைக் கணக்கில் சேர்க்க இன்று மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன: ஐந்தாண்டு வயதுப் பிரிவு, வயதுச் சதவீதம், கைக்கடிகாரம் காட்டும் 'உடற்தகுதி வயது'.

முதலாவது எளிது. உலக மூத்தோர் தடகளத்தில் 35 வயதில் தொடங்கி ஐந்தைந்து ஆண்டுகளாகப் பிரித்துப் பதக்கம் தருகிறார்கள். நாற்பதுகளில் இது பெரிய அநீதி இல்லை. எழுபதைத் தாண்டினால் நிலைமை வேறு. 70 வயதுக்காரரும் 74 வயதுக்காரரும் ஒரே கோட்டில் நிற்கும்போது அந்த நான்கு ஆண்டுகள் உடலில் மிகவும் கனமானவை. மேலும், அன்று யார் வந்தார்கள் என்பதே பரிசைத் தீர்மானிக்கிறது. 65 வயதுப் பெண்கள் பிரிவில் ஒருவர்தான் ஓடினார் என்றால் அவருக்கே தங்கம். அவர் எவ்வளவு நன்றாக ஓடினார் என்பதை அந்தப் பதக்கம் சொல்லாது.

வயதுச் சதவீதம் இந்தக் குறையைத் தீர்க்க வந்தது. 1989இல் முதல் அட்டவணைகள் வெளியாயின. ஒவ்வொரு வயதிலும் உலகின் சிறந்த நேரங்களைத் திரட்டி, அவற்றின் மேல் ஒரு வளைகோட்டைப் பொருத்தி, அந்த வயதுக்கான நியம நேரத்தை எடுக்கிறார்கள். அதை உங்கள் நேரத்தால் வகுத்தால் சதவீதம். எடுத்துக்காட்டாக, உங்கள் வயதுக்கு நியமம் 39 நிமிடம், நீங்கள் ஓடியது 52 நிமிடம் என்றால் 75%. இப்போது 35 வயதுக்காரரையும் 60 வயதுக்காரரையும், ஆணையும் பெண்ணையும் ஒரே பட்டியலில் வைக்கலாம். பரிசளிப்புக்கு இதைவிட நேர்மையான முறை இப்போது இல்லை என்பது என் உறுதியான கருத்து. நம் ஊர் அமைப்பாளர்கள் இதைப் பயன்படுத்தாதது வருத்தமளிக்கிறது. கணினியில் ஒரு நெடுவரிசை கூட்டினால் போதும்.

ஆனால் அந்த வளைகோடு சாதனையாளர்களின் நேரங்களை வைத்து வரையப்பட்டது. யேல் பல்கலைக்கழகப் பொருளியலாளர் ரே ஃபேர் 1994இல் வெளியிட்ட ஆய்வும் சிறந்த நேரங்களையே எடுத்துக்கொண்டது. குறிப்பிட்ட ஒரு வயதுவரை வேகம் சீராகக் குறைகிறது, அதன்பின் சரிவு கூடுகிறது என்பது அவருடைய மாதிரி. கனடாவின் எட் விட்லாக்கைப் பாருங்கள். மாரத்தானை 73 வயதில் 2 மணி 54 நிமிடத்திலும், 80இல் 3 மணி 15 நிமிடத்திலும், 85இல் 3 மணி 56 நிமிடத்திலும் முடித்தார். முதல் ஏழு ஆண்டுகளில் இழந்தது சுமார் 21 நிமிடம். அடுத்த ஐந்தே ஆண்டுகளில் ஏறத்தாழ 40 நிமிடம். மாதிரி சொல்லும் வளைவு ஒரே மனிதரிடம் தெரிகிறது. இருந்தாலும் மூத்த வயதுகளில், குறிப்பாகப் பெண்கள் பக்கத்தில், தரவு மெலிந்தது. எழுபதைத் தாண்டிய வயதில் மாரத்தான் உலக சாதனைகள் படைத்த அமெரிக்கப் பெண் ஜீனி ரைஸ் போன்ற ஒருவர் வந்து ஓடினால் நியமமே நகரும். அட்டவணை திருத்தப்பட்டதும், அதே ஓட்டத்துக்கு உங்கள் சதவீதம் குறைந்துவிடலாம்.

இன்னொரு சிக்கல், வயது என்ற எண்ணே. 2011 டொராண்டோ மாரத்தானை 100 வயதில் முடித்த ஃபௌஜா சிங்குக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் கின்னஸ் அங்கீகாரம் கிடைக்கவில்லை. பள்ளியில் சேர்க்கும்போது பிறந்த தேதியை மாற்றி எழுதிய தலைமுறை நம்முடையது. எண்பதை ஒட்டிய வயதில் அந்த ஓராண்டு சதவீதத்தைக் கணிசமாகப் புரட்டும்.

கடிகாரத்தின் 'உடற்தகுதி வயது' பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. வேகத்தையும் இதயத்துடிப்பையும் கொண்டு உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறனை மதிப்பிட்டு அதை வயதாக மாற்றுகிறது. உங்கள் அதிகபட்ச இதயத்துடிப்பை நீங்களே அளந்து தராவிட்டால், பல கருவிகள் வயதை வைத்து ஒரு சூத்திரத்தால் அதை ஊகித்துக்கொள்ளும். வயதைக் கொடுத்து வயதையே விடையாகப் பெறுகிறோம். சென்னை மே மாத வெயிலில் அதே வேகத்துக்குத் துடிப்பு ஏறும். வெப்பத்தைக் கணக்கில் எடுக்காத கருவி அதைத் தகுதிக் குறைவாகப் படிக்கும்.

ஆகவே மேடைக்கு வயதுச் சதவீதம். உங்கள் உடல் எப்படி மூப்படைகிறது என்று அறிய, ஒரே பாதை, ஒரே மாதம், ஒரே தூரம் என்று ஆண்டுதோறும் எழுதிவைக்கும் சொந்தக் குறிப்பு. ஐம்பதில் ஓடத் தொடங்கியவர்கள் அதையும் கவனமாகப் படிக்க வேண்டும்: முதல் சில ஆண்டுகளில் பயிற்சியின் பலன் மூப்பை மறைத்துவிடும். சதவீதத்தை எழுதும்போது எந்த ஆண்டின் அட்டவணை என்பதையும் பக்கத்தில் குறித்துவையுங்கள்.