எட்சிடி எங்கே இருக்கிறது? ஹைப்பர்ஷிஃப்ட், கமாஜி, காஸ்மோட்ரான் ஒப்பீடு

இருபது குபெர்னெட்டிஸ் கிளஸ்டர் (கன்டெய்னர் ஆப்களை ஓட்டும் மெஷின் கூட்டம்) நடத்தும் ஒரு குழு, ஒவ்வொன்றுக்கும் மூன்று கண்ட்ரோல் பிளேன் (கிளஸ்டரை நிர்வகிக்கும் மூளைப் பகுதி) மெஷின் ஒதுக்கினால் மொத்தம் 60 மெஷின். அவற்றில் ஒரு ஆப்கூட ஓடாது. இந்தச் செலவைக் குறைக்கத்தான் ஹோஸ்டட் கண்ட்ரோல் பிளேன். ஏபிஐ சர்வர், கண்ட்ரோலர் மேனேஜர், ஷெட்யூலர், எட்சிடி (கிளஸ்டரின் நிலையைச் சேமிக்கும் தரவுத்தளம்) எல்லாம் ஒரு மேனேஜ்மென்ட் கிளஸ்டருக்குள் பாட்களாக (கன்டெய்னர் தொகுப்புகளாக) ஓடும். ஆப்கள் ஓடும் வொர்க்கர் நோடுகள் மட்டும் வெளியே.

சொந்தமாக நடத்த நினைப்பவர்கள் பெரும்பாலும் பரிசீலிப்பது மூன்று: ரெட் ஹேட்டின் ஹைப்பர்ஷிஃப்ட், கிளாஸ்டிக்ஸின் கமாஜி, மிராண்டிஸின் காஸ்மோட்ரான். வசதிப் பட்டியலை வைத்து இவற்றைத் தரம் பிரிக்க முடியாது; பட்டியலில் மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும். எட்சிடி எங்கே இருக்கிறது, அது விழுந்தால் கூடவே எத்தனை கிளஸ்டர் விழும் என்று கேட்டால்தான் வித்தியாசம் புரியும்.

ஹைப்பர்ஷிஃப்ட்: தனி வீடு, பெரிய வாடகை

இதில் ஒவ்வொரு கிளஸ்டருக்கும் தனி நேம்ஸ்பேஸ் (மேனேஜ்மென்ட் கிளஸ்டருக்குள் பிரித்த தனிப் பகுதி), அதற்குள் தனி எட்சிடி. ஹைலி அவெய்லபிள் முறையில் எட்சிடி பாட் மூன்று. ஒரு கிளஸ்டரின் எட்சிடி கெட்டால் பக்கத்துக் கிளஸ்டருக்கு அது தெரியக்கூடத் தெரியாது. ஆனால் இது உருவாக்குவது ஓப்பன்ஷிஃப்ட் (ரெட் ஹேட்டின் குபெர்னெட்டிஸ் பதிப்பு) என்பதால் ஓஆத், இன்கிரஸ் ஆபரேட்டர், வெர்ஷன் ஆபரேட்டர் என்று துணைப் புரோகிராம்களின் ஒரு கூட்டமே கூட வரும். ரெட் ஹேட் தரும் கணக்குப்படி ஹைலி அவெய்லபிள் கண்ட்ரோல் பிளேன் ஒன்றுக்குச் சுமார் 78 பாட், குறைந்தது 5.5 விசிபியு, 19 ஜிபி மெமரி வேண்டும். எட்சிடிக்குத் தலா 8 ஜிபியில் மூன்று வால்யூம் தனி.

பத்துக் கிளஸ்டருக்குக் கணக்குப் போட்டால் 780 பாட். ஓப்பன்ஷிஃப்ட் நோடில் இயல்பு வரம்பு 250 பாட். ஆக, மூன்று வொர்க்கர் கொண்ட மேனேஜ்மென்ட் கிளஸ்டரில் சிபியு எவ்வளவு மிச்சம் இருந்தாலும் பத்தாவது கிளஸ்டரின் பாட்கள் பெண்டிங்கில் நிற்கும். அந்த வரம்பை (மேக்ஸ்பாட்ஸ்) 500 ஆக்கினால் தீரும். நோடுக்குக் கொடுக்கும் /23 சப்நெட்டில் 510 முகவரிதான் என்பதால் அதற்கு மேல் போக இடமில்லை.

அப்கிரேடில் ஹோஸ்டட்கிளஸ்டரின் (கண்ட்ரோல் பிளேனைக் குறிக்கும் அமைப்பு) ரிலீஸ் இமேஜை முதலில் மாற்ற வேண்டும், பிறகு நோட்பூல் (வொர்க்கர்களின் தொகுப்பு). நோட்பூல் ஒருபோதும் கண்ட்ரோல் பிளேனைவிடப் புதியதாக இருக்கக் கூடாது. நோட்பூலில் ரீப்ளேஸ், இன்ப்ளேஸ் என்று இரண்டு வழி. கிளவுடில் ரீப்ளேஸ் நிம்மதி: புதிய மெஷின் வந்த பிறகே பழையது போகும். பேர் மெட்டலில் (நேரடி இயந்திரங்களில்) உதிரி மெஷின் இல்லாமல் அதே ரீப்ளேஸை வைத்தால், வராத புதிய மெஷினுக்காக அப்கிரேட் அப்படியே காத்திருக்கும். அங்கே, இருக்கும் மெஷினையே புதுப்பிக்கும் இன்ப்ளேஸ்தான்.

இன்னொன்று: பேர் மெட்டலில் ஏபிஐ சர்வரை நோட்போர்ட்டில் (நோடின் ஒரு குறிப்பிட்ட போர்ட்டில்) திறந்து, ஒரே ஒரு நோடின் ஐபியை முகவரியாகக் கொடுத்துவிடுகிறார்கள். கண்ட்ரோல் பிளேன் மூன்று நோடில் பரவியிருந்தும் அந்த ஒரு நோடு போனால் எல்லா வொர்க்கரும் நாட்ரெடி. இப்படி வெளியே திறக்கும் முறையை (சர்வீஸ் பப்ளிஷிங்) பிறகு மாற்ற முடியாது என்பதால் முதல் நாளே லோட்பேலன்சரும் டிஎன்எஸ் பெயரும் வைத்துவிடுவது நல்லது.

கமாஜி: சிக்கனம், ஆனால் பொதுக் கிணறு

கமாஜியில் டெனன்ட்கண்ட்ரோல்பிளேன் என்ற கஸ்டம் ரிசோர்ஸ் (குபெர்னெட்டிஸில் கூடுதலாகச் சேர்க்கும் பொருள் வகை) ஒன்றை எழுதினால், பாட்களை நடத்தும் ஒரு டெப்ளாய்மென்ட் உருவாகும். ஏபிஐ சர்வர், கண்ட்ரோலர் மேனேஜர், ஷெட்யூலர் மூன்றும் ஒரே பாடில். உள்ளே இருப்பது குபெ-அட்மின் என்ற நிறுவல் கருவி. வொர்க்கரும் வழக்கமான குபெ-அட்மின் ஜாயின் கட்டளையில்தான் சேரும். கிளஸ்டருக்கு இரண்டு ரெப்ளிகா (நகல்) வைத்தால் பத்துக் கிளஸ்டருக்கு 20 பாட், கூட எட்சிடி மூன்று. ஹைப்பர்ஷிஃப்டின் 780 எங்கே, இது எங்கே!

எட்சிடியைப் பகிர்வதால் வரும் சிக்கனம் இது. டேட்டாஸ்டோர் என்ற கஸ்டம் ரிசோர்ஸ் ஒரு எட்சிடியையோ, கைன் என்ற இடை அடுக்கு வழியாக போஸ்ட்கிரஸ், மைஎஸ்க்யூஎல் போன்ற ஒன்றையோ குறிக்கும். எட்சிடி என்றால் ஒவ்வொரு டெனன்டுக்கும் (கமாஜி நடத்தும் கிளஸ்டர் ஒவ்வொன்றும் ஒரு டெனன்ட்) தனி ப்ரிஃபிக்ஸ் (தரவுப் பெயர்களின் முன்னொட்டு), தனி யூசர். ஒருவர் தரவை இன்னொருவர் படிக்க முடியாது. ஆனால் இடம் எல்லோருக்கும் பொது.

ஒரு டெனன்டில் தறிகெட்ட ஆபரேட்டர் ஒன்று கஸ்டம் ரிசோர்ஸ்களை ஆயிரக்கணக்கில் எழுதித் தள்ளுகிறது என்று வையுங்கள். எட்சிடியின் இயல்பு வரம்பு 2 ஜிபி. 8 ஜிபியைத் தாண்ட வேண்டாம் என்பது எட்சிடி ஆவணத்தின் அறிவுரை. வரம்பைத் தொட்டதும் நோஸ்பேஸ் (இடமில்லை) அலாரம் எழும். அந்த நொடியே எல்லா டெனன்டுக்கும் புதிதாக எழுதுவது நிற்கும். சரிசெய்ய வரிசை முக்கியம். முதலில் குப்பையை எழுதும் ஆபரேட்டரை நிறுத்தி, அது எழுதியதை அழிக்க வேண்டும். பிறகு நடப்பு ரிவிஷன் வரை காம்பாக்ட் (பழைய பதிப்புகளை நீக்குவது). அடுத்து எட்சிடி மெம்பர் ஒவ்வொன்றாக டீஃபிராக் (காலியான இடத்தை மீட்பது). மூன்று மெம்பரையும் ஒரே நேரத்தில் செய்தால் ஏபிஐ மொத்தமும் உறைந்துவிடும். கடைசியாகத்தான் அலாரம் டிஸ்ஆர்ம் (அணைப்பது). பதற்றத்தில் டிஸ்ஆர்மை முதலில் அடித்தால் அலாரம் உடனே திரும்ப வரும்.

ரெஸ்டோரிலும் இதே சிக்கல். பகிர்ந்த எட்சிடியின் ஸ்னாப்ஷாட்டில் எல்லோருடைய தரவும் இருக்கும். ஒருவருடையதை மட்டும் மீட்க, ஸ்னாப்ஷாட்டை ஓரமாக வேறொரு எட்சிடியில் விரித்து, அந்த ப்ரிஃபிக்ஸை மட்டும் பிரித்து எடுக்க வேண்டும். ஹைப்பர்ஷிஃப்டில் ஒரு கிளஸ்டருக்கு ஒரு ஸ்னாப்ஷாட். ஹோஸ்டட்கிளஸ்டரைப் புதிதாக உருவாக்கும்போது ஸ்னாப்ஷாட் யுஆர்எல்லைக் கொடுத்தால் முதல் துவக்கத்திலேயே மீட்டுக்கொள்ளும். கமாஜியில் நடுவழி: டெவ், டெஸ்ட் கிளஸ்டர்களை ஒரு டேட்டாஸ்டோரில் கூட்டமாக வைத்துவிட்டு, ப்ரொடக்‌ஷனுக்குத் தலைக்கு ஒன்று. ஒரே வகை டேட்டாஸ்டோர்களுக்கு இடையே டெனன்டைப் பிறகு நகர்த்தவும் முடியும்.

ஒரு எச்சரிக்கை: 2024 ஜூலைக்குப் பிறகு கமாஜியின் ஸ்டேபிள் வெளியீடுகள் சந்தாதாரர்களுக்கு மட்டும். இலவசமாக வருவது எட்ஜ் வெளியீடு. கோட் திறந்ததுதான், சோதித்துப் பார்க்கும் வேலை உங்கள் தலையில்.

காஸ்மோட்ரான்

வொர்க்கர்கள் கடை, தொழிற்சாலை, கிளை அலுவலகம் என்று சிதறிக் கிடந்தால் இதுதான் வசதி. அடியில் இருப்பது கே-ஜீரோ-எஸ் என்ற குபெர்னெட்டிஸ் பதிப்பு, ஒற்றை பைனரி. ஜாயின்டோக்கன்ரிக்வெஸ்ட் எழுதி டோக்கன் எடுத்து வொர்க்கரைச் சேர்க்கலாம். அல்லது ரிமோட்மெஷின் வழியாக எஸ்எஸ்ஹெச் மூலம் அதுவே போய் நிறுவிக்கொள்ளும்.

இயல்பு அமைப்புகளில் இரண்டு பள்ளம் உண்டு. பெர்சிஸ்டன்ஸ் (தரவைச் சேமிக்கும் முறை) வகையை எழுதாமல் விட்டால் எம்ப்டிடிர் என்ற தற்காலிக இடம்தான் கிடைக்கும். பாட் வேறு நோடுக்குப் போனால் அதில் இருந்தது போயே போச்சு. பிவிசி (நிலையான வால்யூம்) என்று எழுதுங்கள். அடுத்தது, நோட்போர்ட் முறையில் ஏபிஐக்கு 30443, கனெக்டிவிட்டிக்கு (கீழே விளக்கும் சுரங்கப்பாதை) 30132 என்பது இயல்பு. நோட்போர்ட் எண் மேனேஜ்மென்ட் கிளஸ்டர் முழுவதற்கும் ஒன்றுதான் என்பதால், மாதிரி யாமல் அமைப்புக் கோப்பை நகலெடுத்து இரண்டாவது கிளஸ்டர் போட்டதும் போர்ட் மோதும்.

மூன்றுக்கும் பொதுவான தலைவலி

கண்ட்ரோல் பிளேன் ஓரிடம், வொர்க்கர் வேறிடம் என்பதால் ஏபிஐ சர்வர் நோடை அணுக கனெக்டிவிட்டி என்ற சுரங்கப்பாதை வேண்டும். வொர்க்கரில் உள்ள ஏஜென்ட் வெளியே போய் இணைப்பை ஏற்படுத்தும். இது அறுந்தால் அறிகுறி குழப்பும்: குபெக்டில் கெட் வேலை செய்யும், நோடுகள் எல்லாம் ரெடி என்றே காட்டும், லாக்ஸ், எக்ஸெக் இரண்டும் மட்டும் தோற்கும். அடுத்து, கிளஸ்டருக்குள் இருக்கும் அட்மிஷன் வெப்ஹுக்குகள் (கோரிக்கைகளைச் சரிபார்ப்பவை) டைம்அவுட் ஆகி டெப்ளாய்மென்ட்கள் நிற்கும். மெட்ரிக்ஸ் ஏபிஐ கிடைக்காததால் அழித்த நேம்ஸ்பேஸ் டெர்மினேட்டிங்கிலேயே தொங்கும். ஆப் குழு வெப்ஹுக்கைக் குறை சொல்லிக்கொண்டிருக்கும்போது, காரணம் பெரும்பாலும் நடுவில் உட்கார்ந்து டிஎல்எஸ் குறியாக்கத்தை அவிழ்க்கும் லோட்பேலன்சராக இருக்கும். அந்த வழியில் டிஎல்எஸ் பாஸ்த்ரூ (அவிழ்க்காமல் கடத்துவது) மட்டுமே வைக்க வேண்டும்.

டிஸ்க்கும் பொதுப் பிரச்சினைதான். எட்சிடியின் டபிள்யூஏஎல் எஃப்சிங்க் (மாற்றப் பதிவை டிஸ்க்கில் உறுதியாக எழுத ஆகும் நேரம்) 99ஆம் பெர்சன்டைலில் 10 மில்லிசெகண்டுக்குள் இருக்க வேண்டும். ஹைப்பர்ஷிஃப்டில் பத்துக் கிளஸ்டர் என்றால் 30 எட்சிடி பாட். எல்லாம் ஒரே நெட்வொர்க் ஸ்டோரேஜைத் தட்டினால் லீடர் தேர்தல் ஓயாது. எட்சிடிக்கு நோடிலேயே உள்ள லோக்கல் என்விஎம்இ டிஸ்க் கொடுங்கள். நோடு செத்தால் அந்த மெம்பரின் தரவும் சாகும்; மூன்றில் ஒன்று போனால் குழு தாங்கும் என்பதால் இது ஏற்கத்தக்க பேரம்.

எங்கள் கணிப்பு இப்படி. ஓப்பன்ஷிஃப்ட் ஏற்கெனவே இருந்தால் ஹைப்பர்ஷிஃப்டைத் தவிர மற்றதைப் பார்க்கத் தேவையில்லை. வெறும் குபெர்னெட்டிஸ், நிறையச் சிறு கிளஸ்டர்கள் என்றால் கமாஜி. தூரத்து வொர்க்கர்கள் என்றால் காஸ்மோட்ரான். கிளஸ்டர்கள் நூற்றுக்கணக்கில், பல கிளவுடுகளில் என்றால் எஸ்ஏபி தொடங்கிய கார்டனரையும் சேர்த்துப் பாருங்கள். எட்சிடி பேக்கப் அதிலேயே பிணைந்து வரும், ஆனால் கார்டன், சீட், ஷூட் என்ற அதன் அடுக்குகளைப் பழக ஒரு முழுக் குழு வேண்டும்.