மூன்று வார லீவில் அலைனர்: ஊரில் எது முடியும், எது முடியாது

துபாய், சிங்கப்பூர், நியூஜெர்சி என்று எங்கிருந்து லீவுக்கு வந்தாலும், முப்பது நாற்பது வயதுக்காரர்கள் ஊரில் முடித்துக்கொண்டு போகும் வேலைகளில் இப்போது பல்லும் சேர்ந்துவிட்டது. ரூட் கெனால், கேப் வரிசையில், பல்லை நேராக்கப் போடும் கண்ணாடி மாதிரி மெல்லிய பிளாஸ்டிக் உறையான அலைனரையும் வைத்துக்கொண்டு வருகிறார்கள். ரூட் கெனால் இரண்டு மூன்று சிட்டிங்கில் தீர்ந்துவிடும். அலைனர் அப்படியில்லை. வரிசையாக மாற்றி மாற்றிப் போடும் உறைகளில் ஒன்று, அதாவது ஒரு டிரே, பல்லை நகர்த்துவது சுமார் 0.25 மில்லிமீட்டர். 24 டிரே, பத்து நாளுக்கு ஒன்று என்றால் 240 நாள். லீவில் நடப்பது அதன் தொடக்கம் மட்டும்தான். எந்த வேலைக்கு டாக்டரின் கை வேண்டும், எதற்குக் கண் மட்டும் போதும் என்று முதலிலேயே பிரித்துவைத்தால் பயணம் வீணாகாது.

ஊர் கிளினிக்குகளின் நடைமுறை ஒன்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரிவதில்லை. கோவை, மதுரை, திருச்சி, சென்னைப் புறநகர் என்று பல இடங்களில் கிளினிக் நடத்துபவர் பொதுப் பல் டாக்டர். பல் சீரமைப்பு படித்த ஆர்த்தோடான்டிஸ்ட் வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ வந்து பார்த்துவிட்டுப் போவார். ‘ஆர்த்தோ டாக்டர் செவ்வாய், வெள்ளிதான் வருவாங்க’ என்று ரிசப்ஷனில் சொன்னால் உங்கள் மூன்று வாரத்தில் கையில் இருப்பது ஆறே நாள். நடுவில் தீபாவளியோ பொங்கலோ வந்தால் நான்கு. டிக்கெட் போடும்போதே கிளினிக்குக்குப் போன் செய்து, அந்த நாட்களைக் கேட்டு, முதல் சந்திப்பை இறங்கிய மறுநாளுக்கே வாங்கிவிடுங்கள். பழைய எக்ஸ்ரே இருந்தால் முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் அனுப்பிவைக்கலாம்.

முதல் நாள் ஓபிஜி எக்ஸ்ரே எடுப்பார்கள். மேல், கீழ்த் தாடைகள் முழுவதும் ஒரே படத்தில் வரும். தாடைகள் முன்பின்னாக இருந்தால் பக்கவாட்டு எக்ஸ்ரேயும் கேட்பார்கள். பெரியவர்களுக்கு இந்தப் படத்தில் முதலில் பார்க்க வேண்டியது ஈறும் எலும்பும். எலும்பு இறங்கியிருக்கிறதா, ஈறில் ரத்தம் கசிகிறதா, சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா என்று கேட்காமல் நேராக ஸ்கேனுக்கு உட்கார வைக்கிற கிளினிக்கை நம்பாதீர்கள். எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சில வகை மருந்துகள் பல் நகர்வதையே மெதுவாக்கிவிடும். இம்ப்ளான்ட் வைத்த பல் நகரவே நகராது. பிரிட்ஜ் இருந்தால் அந்தப் பற்கள் ஒன்றோடொன்று கட்டுண்டவை. திட்டம் அவற்றைச் சுற்றித்தான் போட முடியும்.

வேலைகளின் வரிசை தவறுவதுதான் லீவில் அதிகம் நடக்கும் தப்பு. ஸ்கேலிங், சொத்தை அடைப்பது, கேப் மாற்றுவது, எடுக்க வேண்டிய ஞானப்பல்லை எடுப்பது எல்லாம் ஸ்கேனுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். ஸ்கேன் எடுத்த பிறகு ஒரு பல்லில் ஃபில்லிங் போட்டால் அந்தப் பல்லின் வடிவம் மாறிவிடும். பழைய வடிவத்துக்கு அச்சடித்த டிரேக்கள் எதுவும் அங்கே சரியாக உட்காராது. ‘ஸ்கேன் இன்னைக்கு எடுத்துடலாம், ஃபில்லிங் அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். முதல் வாரத்தை இதற்கே ஒதுக்கிவிடுங்கள்.

ஸ்கேன் பத்து நிமிட வேலை. பேனா மாதிரி ஒரு கேமராவைப் பல்லோரமாக ஓட்டுவார்கள், திரையில் வாய் முப்பரிமாணமாக எழும்பும். ஸ்கேனர் இல்லாத கிளினிக்குக்கு அலைனர் நிறுவனத்தின் ஆளே கருவியோடு வருவார். அவருடைய நாளும் டாக்டரின் நாளும் ஒத்துவர வேண்டும், இதிலும் இரண்டு நாள் போகலாம். ஸ்கேன் முடிந்ததும் அதன் எஸ்டிஎல் கோப்பை ஒரு பிரதி கேட்டு வாங்குங்கள். தயங்கினால் வற்புறுத்துங்கள். உங்கள் வாயின் அளவு அது, உங்களிடம் இருக்க வேண்டும்.

சில நாட்களில் திட்டத்தின் வீடியோ வரும். பற்கள் நடனமாடி நேராவதைப் பார்த்து மயங்கி ‘ஓகே’ போட்டுவிடுகிறார்கள் பலர். அதில் பார்க்க வேண்டியவை வேறு. மொத்தம் எத்தனை டிரே, எந்தெந்தப் பல்லில் அட்டாச்மென்ட் (டிரேக்குப் பிடி கிடைக்கப் பல்லில் ஒட்டும் சின்னப் புடைப்பு), பற்களுக்கு நடுவே எங்கே எத்தனை மில்லிமீட்டர் உரசி எடுக்கிறார்கள், அந்த உரசல் எத்தனையாவது டிரேயில் வருகிறது. இந்தக் கடைசிக் கேள்விதான் வெளிநாட்டுக்காரர்களுக்கு உயிர்நாடி. உரசுவது கை வேலை. மெல்லிய பட்டையை இரண்டு பற்களுக்கு நடுவே விட்டு 0.2, 0.3 மி.மீ., அதிகம் போனால் 0.5 மி.மீ. எனாமலைக் குறைத்து, அளவுகோல் தகடு விட்டுச் சரிபார்ப்பார்கள். அது பன்னிரண்டாவது டிரேயில் வருகிறது என்றால் அன்று நீங்கள் தோஹாவில் இருப்பீர்கள். முடிந்தவரை எல்லாவற்றையும் முதல் நாளிலேயே செய்யும்படி திட்டத்தை மாற்றித்தரச் சொல்லுங்கள். பற்கள் மிகவும் ஏறிக் கிடந்தால் முதலிலேயே உரச முடியாது, பட்டை சரியான இடத்தில் படாது. அப்படிப்பட்ட வாய்க்கு இரண்டாவது பயணம் ஒன்றைத் தேதியோடு திட்டத்திலேயே எழுதிவிட வேண்டும்.

இன்னொன்றையும் அப்போதே கேட்டுவிடுங்கள். கீழ் முன்பற்கள் பல வருடம் ஏறிக் கிடந்தவர்களுக்கு, நேரான பிறகு ஈறோரம் கருப்பு முக்கோணமாகச் சின்ன இடைவெளி தெரியலாம். புதிதாக எதுவும் கெட்டுப்போகவில்லை. இத்தனை நாள் மறைந்திருந்த ஈறுக் குறை வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். அளவாக உரசினால் ஓரளவு மூடும். முன்னமே சொன்ன டாக்டர் நல்ல டாக்டர்.

தயாரிப்புக்கு இரண்டு வாரம் முதல் நான்கு வாரம் வரை போகும். மூன்று வார லீவு இங்கேதான் முட்டி நிற்கிறது. வழி இரண்டு. ஒன்று, ஒரு பயணத்தில் சிகிச்சை, ஸ்கேன், ஒப்புதல். அடுத்த பயணத்தில் பொருத்துவது. இடைவெளி அதிகமானால் பல் தானாக நகர்ந்து முதல் டிரே உட்காராது. மூன்று மாதத்துக்குமேல் ஆனால் மறுபடி ஸ்கேன் எடுக்கச் சொல்வதே நல்லது. இரண்டாவது வழி, அட்டாச்மென்ட் இல்லாத முதல் இரண்டு மூன்று டிரேக்களோடு கிளம்பி, மீதியைக் கூரியரில் வாங்கி, அட்டாச்மென்டை இருக்கும் ஊரில் ஒரு டாக்டரிடம் ஒட்டிக்கொள்வது. கேட்கச் சுலபமாகத் தோன்றும். வேறொருவர் போட்ட திட்டத்தில் கைவைக்க வெளிநாட்டு டாக்டர்கள் பலர் சம்மதிப்பதில்லை. சம்மதிக்கும் ஒருவரைத் தேடி வைக்காமல் இந்த வழியில் இறங்கக் கூடாது. இன்விசலைன் போன்ற உலகளாவிய தயாரிப்பில் ஒரு டாக்டரிடமிருந்து இன்னொருவருக்குக் கேஸை மாற்றும் ஏற்பாடு இருக்கிறது. உள்ளூர்த் தயாரிப்புகளில் அந்த வசதியை எதிர்பார்க்காதீர்கள்.

அட்டாச்மென்ட் ஒட்டும் நாளில் அவசரம் கூடாது. பத்துப் பன்னிரண்டு பல் என்றால் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். பல்லைத் துடைத்து, அமில ஜெல் தடவி, கழுவி, நன்றாகக் காயவைத்து, பசை பூசி, குழிகளில் பல் நிறக் கம்பாசிட் அடைத்த ‘மாதிரி டிரே’ என்ற தனி அச்சை மேலே அழுத்தி, ஒவ்வொரு பல்லுக்கும் நீல விளக்கு அடிப்பார்கள். காயவைக்கும்போது எச்சில் பட்டால் அந்தப் புடைப்பு ஒரு வாரத்தில் விழும். குழியில் அதிகம் அடைத்திருந்தால் புடைப்பைச் சுற்றி மெல்லிய தோல் மாதிரி கம்பாசிட் படர்ந்திருக்கும். அதைச் சீவி எடுக்காவிட்டால் டிரே முழுதாக உட்காராது. பீங்கான் கேப் மீது சாதாரண முறையில் ஒட்டினால் நிற்காது, அதற்குத் தனி அமிலமும் தனிப் பசையும் உண்டு. நாற்காலியை விட்டு எழுவதற்குமுன் முதல் டிரேயை நீங்களே நான்கு முறை போட்டுக் கழற்றுங்கள். நாக்கால் தடவி எங்கே குத்துகிறது என்று சொல்லுங்கள். ஊருக்குப் போன பிறகு அதைச் சீவ ஆள் இருக்காது.

போடும்போது முன்பற்களில் வைத்து விரலால் அழுத்தி, பிறகு கடைவாய். பல்லால் கடித்து உட்கார வைத்தால் டிரே விரிசல் விடும். கழற்றும்போது கடைவாயின் உள்பக்கத்தில் நகத்தைக் கொடுத்து, இரண்டு பக்கமும் தளர்த்திவிட்டுப் பிறகு முன்பக்கம். ஒரே பக்கத்திலிருந்து உரித்தால் நடுவில் உடையும். போட்ட பிறகு சூவி எனும் சின்ன ரப்பர் உருளையை ஒவ்வொரு பல்லிலும் வைத்துக் கடிக்க வேண்டும், நாளுக்கு இரண்டு முறை, ஐந்து நிமிடம். புது டிரேயை ராத்திரி படுக்கப் போகும்போது மாற்றுங்கள், வலியின் முதல் சில மணி நேரம் தூக்கத்தில் கழியும். இரண்டு மூன்று நாள் பல் கூசும், சாதத்தைக்கூட மெல்லத் தோன்றாது. ச, ஸ, ஜ கொஞ்சம் சறுக்கும். தினம் கால் மணி நேரம் செய்தித்தாளைச் சத்தமாக வாசித்தால் ஒரு வாரத்தில் நாக்கு பழகிவிடும்.

ஒரு நாளில் 22 மணி நேரம் டிரே வாயில் இருக்க வேண்டும். மிச்சம் இரண்டு மணி நேரம். மூன்று சாப்பாட்டுக்கு அரை அரை மணி, இரண்டு காபிக்குக் கால் கால் மணி, கணக்கு தீர்ந்தது. லீவில் ஒரே நாளில் நான்கு சொந்தக்காரர் வீட்டுக்குப் போவோம். நான்கு வீட்டிலும் காபி, நான்கிலும் முறுக்கு. டிரேயோடு காபி குடித்தால் சூட்டில் வடிவம் கெடும், சர்க்கரை டிரேக்குள் சிக்கிப் பல்லையே ஊறவைக்கும். இளநீருக்கும் மோருக்கும்கூடக் கழற்ற வேண்டும், பச்சைத் தண்ணீர் மட்டும் விலக்கு. சீடை, தட்டை, கடலை மிட்டாய், எலும்பு இவைதான் அட்டாச்மென்டை உடைப்பவை. சாம்பார் மஞ்சள் டிரேயை ஒரே வேளையில் மஞ்சளாக்கும். வாய் கொப்பளித்தால் மட்டும் போதாது, பல் துலக்கிவிட்டுப் போட வேண்டும். வெற்றிலை பாக்கு புடைப்புகளில் சிவப்பாக நின்றுவிடும்.

கல்யாணப் பந்தியில் ஆபத்து வேறு மாதிரி வரும். டப்பா பையில் இருக்கிறது, பை மண்டபத்து அறையில் இருக்கிறது. டிரேயை டிஷ்யூவில் சுற்றி இலையோரம் தண்ணீர் பாட்டில் பக்கத்தில் வைக்கிறார்கள். பாயசம், மோர் சாதம் முடிந்து இலையை மடிக்கும்போது டிஷ்யூவும் உள்ளே போய்விடும். கை கழுவி வருவதற்குள் இலைகளோடு மேசை விரிப்பையும் சேர்த்துச் சுருட்டி எடுத்துப் போயிருப்பார்கள். டப்பா சட்டைப் பையிலோ ஹேண்ட்பேகிலோ இல்லாமல் பந்தியில் உட்காராதீர்கள். தொலைந்துவிட்டால் உடனே முந்தைய டிரேயைப் போட்டுக்கொண்டு டாக்டருக்குச் செய்தி அனுப்ப வேண்டும். பத்து நாளில் ஏழெட்டு நாள் ஓடியிருந்தால் அடுத்ததுக்குப் போகச் சொல்வார், இரண்டு நாளில் தொலைந்திருந்தால் மாற்று டிரே வரும்வரை பழையதே. அதனால்தான் முடிந்த டிரேயை எறியக் கூடாது. கழுவுவதற்குச் சாதாரணத் தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும். பேஸ்ட் கீறல் போடும், வெந்நீர் வளைக்கும். மே மாதச் சென்னையில் பூட்டிய காரின் டேஷ்போர்டும் வெந்நீர்தான்.

விமானத்தில் இப்போதைய, முந்தைய, அடுத்த இரண்டு டிரேக்கள் கைப்பையில் இருக்கட்டும். மீதியைப் பெட்டியில் போடலாம்.

திரும்பிப் போன பிறகு கண் வேலை தொடங்குகிறது. ஒவ்வொரு டிரேயின் கடைசி நாளிலும், அடுத்த டிரேயைப் போட்ட அன்றும் படம் எடுத்து அனுப்புங்கள். முன், இடம், வலம். இரண்டு எவர்சில்வர் ஸ்பூன் காம்புகளால் கன்னத்தை விலக்கினால் கடைவாய்வரை தெரியும். படத்தில் தேட வேண்டியது பல்லின் முனைக்கும் டிரேக்கும் நடுவே காற்றிடைவெளி. மேல்வரிசையில் நடுப்பற்களுக்கு அடுத்துள்ள சின்னப் பல்லிலும், திருப்ப வேண்டிய கோரைப்பல்லிலும்தான் அது முதலில் தெரியும். அரை மி.மீ. அளவு தெரிந்தால் அடுத்த டிரேக்குத் தாவாமல், இருப்பதையே இன்னும் சில நாள் சூவியோடு போட வேண்டும். குறையாவிட்டால் ஒரு டிரே பின்னால் போக வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் புது ஸ்கேன், புது டிரேக்கள். இது நிறையப் பேருக்கு வரும், தோல்வி என்று நினைக்க வேண்டாம். ஆனால் அந்த ஸ்கேனை எங்கே எடுப்பது, செலவு யாருடையது, எத்தனை வருடம்வரை இலவசம் என்பது ஊரில் பணம் கட்டும்போதே ரசீதில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

பணம் ஊருக்கு ஊர், கேஸுக்குக் கேஸ் மாறும். உள்நாட்டுத் தயாரிப்பு பெரும்பாலும் லட்ச ரூபாயைச் சுற்றி நிற்கும், இன்விசலைன் அதற்கு இரண்டு மடங்கு, சில கேஸில் அதற்கும் மேல். சொல்லும் தொகையில் அட்டாச்மென்ட், உரசல், தொலைந்த டிரே, கடைசியில் பல் திரும்பி நகராமல் பிடித்துவைக்கும் ரிடெய்னர் அடங்குமா என்று தனித்தனியாகக் கேளுங்கள். டாக்டர் எம்டிஎஸ் ஆர்த்தோடான்டிக்ஸ் படித்தவரா, மாநிலப் பல் மருத்துவக் கவுன்சில் பதிவு எண் என்ன என்பதும் ரசீதில் வரட்டும். வீட்டுக்கே வந்து அச்செடுத்து, டாக்டர் முகத்தைக் காட்டாமல் டிரே அனுப்பும் மலிவுத் திட்டங்களைத் தொடாதீர்கள். அமெரிக்காவில் தபாலில் அலைனர் அனுப்பிய ஸ்மைல்டைரக்ட்கிளப் 2023 டிசம்பரில் இழுத்து மூடியபோது, பாதி வழியில் இருந்தவர்களுக்கு அடுத்து யாரைக் கேட்பது என்றே தெரியவில்லை. எக்ஸ்ரே பார்க்காமல் எலும்பு இறங்கிய பல்லைத் தள்ளினால் பல் ஆட ஆரம்பிக்கும்.

கிளம்பும் அன்று கையில் இருக்க வேண்டியவை: ஸ்கேன் கோப்பு, எக்ஸ்ரே, எந்தப் பல்லில் அட்டாச்மென்ட் என்ற வரைபடம், உரசல் அட்டவணை, மாதிரி டிரே. மாதிரி டிரேயைப் பலரும் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். புடைப்பு விழுந்தால் அங்கேயுள்ள டாக்டர் அதை வைத்தே அதே இடத்தில் அதே வடிவில் ஒட்டலாம். கடைசி டிரே முடிந்ததும் அதைக் கழற்றி வைத்துவிடாதீர்கள். ரிடெய்னர் கைக்கு வரும்வரை அதையே முழுநேரமும் போட்டிருங்கள், ஊருக்கு டிக்கெட் கிடைக்க இரண்டு மாதம் ஆனாலும் சரி.