பிசியோ, ஓ.டி.க்கு தாராளமாகப் போகலாம், ஸ்பீச்சுக்கு யோசிக்கணும்

மதுரையில் மகனை பிசியோ, ஓ.டி. (அன்றாட வேலைகளைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபி), ஸ்பீச் (பேச்சுப் பயிற்சி) மூன்றுக்கும் கூட்டிப்போகும் தெரபி சென்டரைப் பற்றித் தெரிந்தவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். பெயர் வேண்டுமென்றால் தனியாகக் கேளுங்கள், சொல்கிறேன். குறையும் எழுதப்போவதால் இங்கே போடவில்லை.

மகனுக்கு நாலு வயது. சி.பி. (செரிப்ரல் பால்சி, மூளைப் பாதிப்பால் தசை இயக்கம் கெடுவது), அதில் ஸ்பாஸ்டிக் டைப்ளீஜியா என்ற வகை. கையைவிடக் காலில்தான் இறுக்கம் அதிகம். பிடித்து நிற்க வைத்தால் குதிகால் தரையில் படாது, முட்டி இரண்டும் உரசிக்கொள்ளும்.

பிசியோ சார் அம்மாவை வெளியே உட்காரச் சொல்வதில்லை. "என்கிட்ட முக்கால் மணி நேரம்தான், மிச்ச நேரம் பூரா உங்ககூடத்தானம்மா இருக்கான்" என்று சொல்லி, என் கையைப் பையன் காலில் வைக்கச் சொன்னார். கெண்டைக்காலை நீட்டும்போது விரல் பக்கம் மட்டும் பிடித்துத் தள்ளினால் பாதம் நடுவில் வளைந்து கொடுக்குமே தவிர, தசை நீளாது. குதிகாலை உள்ளங்கையில் ஏந்திக் கீழே இழுத்துக்கொண்டே, அதே கையின் முன்னங்கையால் பாதத்தை மேலே தள்ள வேண்டும். முட்டியை நீட்டி ஒரு தடவை, மடக்கி ஒரு தடவை. இரண்டும் வேறு வேறு தசைக்காம். நான் சரியாகச் செய்யும்வரை விடவில்லை. காலில் மாட்டும் ஸ்பிளிண்ட்டைக் கழற்றியதும் தோல் சிவந்திருக்கிறதா, அந்தச் சிவப்பு சீக்கிரம் மறைகிறதா என்று பார்க்கவும் அவர்தான் பழக்கினார்.

ஓ.டி. மேடத்துக்கு நான் தையல் கடை வைத்திருப்பது தெரிந்ததும், கடைகளில் விற்கும் பட்டன் போர்டு வேண்டாம், நீங்களே தைத்து வாருங்கள் என்றார். கெட்டித் துணியில் கோட் பட்டன், காஜா மட்டும் அளவைவிடக் கொஞ்சம் பெரிதாக. முக்கால்வாசி பட்டனை நான் காஜாவுக்குள் நுழைத்துவிட வேண்டும். கடைசி இழுப்பு மட்டும் அவனுக்கு. அது பழகியதும் பாதி, அப்புறம் முழுசாக. வேலையைக் கடைசிப் படியிலிருந்து கற்றுக்கொடுத்தால் 'நானே முடிச்சேன்' என்ற சந்தோஷம் தினமும் கிடைக்குமாம். இப்போது கோட் பட்டனை அவனே போடுகிறான். சட்டைப் பட்டன் இன்னும் வரவில்லை. வரும்.

ஸ்பீச்தான் மனசுக்கு ஒப்பவில்லை. ஆள் மாறிக்கொண்டே இருக்கிறது. புதிதாக வருகிற ஒவ்வொருவரும் அசெஸ்மென்ட்டை முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்கள், அதற்குத் தனிக் கட்டணம் வேறு. கதவைச் சாத்திவிடுவதால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. கார்டுகள் எல்லாம் ஆப்பிள், ஏரோப்ளேன். வீட்டில் 'தண்ணி', 'தா' என்று வாய் திறக்கிற பிள்ளைக்குத் தமிழில் சொல்லிக் கொடுங்கள் என்றால், ஸ்கூலில் இங்கிலீஷ்தானே என்கிறார்கள். முதலில் பேச்சு வரட்டும், ஸ்கூலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்!

இன்னொரு கடுப்பு: சென்டர் இருப்பது மாடியில், லிஃப்ட் கிடையாது. நடக்க முடியாத பிள்ளைகள் வருகிற இடம் இது. பையனை இடுப்பில் வைத்து, வாக்கரை இன்னொரு கையில் தூக்கிக்கொண்டு ஏறுகிறேன். கர்ப்பமாக இருக்கும் ஒரு அம்மாவும் அப்படித்தான் ஏறுகிறார்.

கட்டணம் ஒரு செஷனுக்கு 500 ரூபாய், மாதப் பணம் முன்கூட்டியே கட்ட வேண்டும். காய்ச்சலில் விட்டுப்போனால் ஈடு தரமாட்டார்கள். மழைக்காலத்தில் இது நிறையவே நஷ்டம். சேருவதற்கு முன்பே இதைப் பேசி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்பீச் தெரபிஸ்ட்டின் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண்ணையும் கேளுங்கள், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

பில் மட்டும் ஒழுங்காகத் தருகிறார்கள். மத்திய அரசின் நேஷனல் ட்ரஸ்ட், சி.பி. போன்ற குறைபாடு உள்ளவர்களுக்குத் தரும் நிராமயா மருத்துவக் காப்பீடு எடுத்தவர்களுக்கு அது தேவைப்படும். வருடத்துக்கு 1 லட்சம் வரை உள்ள அந்தத் திட்டத்தில் தெரபி செலவுக்கும் ஒரு பங்கு உண்டு. பணம் கட்ட முடியாதவர்கள் முதலில் அரசு ஆஸ்பத்திரியின் டி.இ.ஐ.சி. மையத்தில் (குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளைச் சீக்கிரம் கண்டு சிகிச்சை தரும் இடம்) கேட்டுப் பாருங்கள், 18 வயது வரை இலவசம்.

நாங்கள் பிசியோவையும் ஓ.டி.யையும் இங்கேயே தொடர்கிறோம். ஸ்பீச்சுக்கு மட்டும் தமிழில் சொல்லித் தருகிற ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன். அண்ணாநகர், கே.கே.நகர் பக்கம் யாராவது தெரிந்தால் சொல்லுங்கள்.