நான்கு ஆண்டுத் துவைப்புக்குப் பின்: குழந்தை குவில்ட்டுக்கு எந்த வடிவம் தாங்குகிறது?

மூத்த மகளுக்காக நான் தைத்த முதல் குவில்ட்டுக்கு (துண்டுத் துணிகளை இணைத்து, உள்ளே பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை), அழகில் மயங்கி, எட்டு முனை நட்சத்திர வடிவத்தைத் தேர்ந்தெடுத்தேன். ஓராண்டு துவைப்பிலேயே அது தளர்ந்துவிட்டது. நட்சத்திரத்தின் நடுவில் எட்டுத் துணிமுனைகள் ஒன்றாகக் கூடுவதால் அவ்விடம் தடித்து, உராய்ந்து, நூல் அறுந்தது. துணியின் இழைக்குச் சாய்வாக வெட்டிய சிறு முக்கோணங்களும் இழுபட்டுக் கோணின. அதைவிடப் பெரிய பிழை, மேல்துணி, பஞ்சு விரிப்பு, அடித்துணி மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும் தையல் வரிகளை ஒன்பது அங்குல இடைவெளியில் விட்டதுதான். பிடிமானம் இல்லாத பஞ்சு ஓரங்களில் திரண்டுகொண்டது.

இளையவனுக்குத் தைத்தபோது வெறும் சதுரங்களே போதும் என்று முடிவு செய்தேன். ஐந்தரை அங்குலச் சதுரங்களை வெட்டி, கால் அங்குலத் தையல் விளிம்பு விட்டு, ஏழுக்கு ஒன்பது என 63 துண்டுகளை இணைத்ததில் 35-க்கு 45 அங்குலப் போர்வை கிடைத்தது. ஒவ்வொரு சதுரத்தின் மூலைகளையும் தொட்டுச் செல்லுமாறு இரு திசைகளிலும் சாய்கோடுகளாகத் தைத்தேன். வரிகளுக்கு இடையே மூன்றரை அங்குலமே இருப்பதால் பஞ்சு நகர இடமில்லை. துண்டுகள் இணையும் கோட்டின் மீதே தைத்திருந்தால் இழுவிசை முழுவதும் அந்த ஒரே கோட்டில் விழுந்திருக்கும். சாய்கோடு அதைத் துணி முழுவதும் பரப்பிவிடுகிறது. பழைய சேலைகளை அடுக்கி, பரப்பு முழுவதும் நெருக்கமாக ஓட்டுத்தையல் போடும் வங்காளத்துக் காந்தாப் போர்வைகள் உழைப்பதற்கும் இந்த நெருக்கமே காரணம் என்று நம்புகிறேன்.

வரிகளுக்குப் பதிலாக ஆங்காங்கே நூல் முடிச்சுப் போடும் முறையைச் சிறு குழந்தைகளுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். தளர்ந்த முடிச்சைக் குழந்தை பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளக்கூடும். இளையவனுக்கு ஓராண்டு நிறையும்வரை இந்தச் சதுரப் போர்வையைத் தரையில் விரித்து விளையாட மட்டுமே பயன்படுத்தினோம், உறங்கும் குழந்தைமீது போர்த்தவில்லை.

வாரம் ஒருமுறையாவது இயந்திரத்தில் துவைத்தும் இந்த நான்கு ஆண்டுகளில் ஒரு சதுரம்கூடப் பிரியவில்லை. விளிம்புப் பட்டை மட்டும் இரு மூலைகளில் தேய்ந்ததால், சென்ற மாதம் இரட்டை மடிப்பாகப் புதிய பட்டை வைத்துத் தைத்தேன்.