ஆக்டிங் டிரைவர் அண்ணனோடு சென்னையிலிருந்து கோவில்பட்டிக்கு

லண்டன் பக்கம் பன்னிரண்டு வருஷமாகக் கார் ஓட்டுகிறேன். ஊருக்கு வந்தால் ஸ்டியரிங்கைத் தொடமாட்டேன். இந்தத் தடவை தம்பியின் காரில் அம்மாவைப் பார்க்கக் குடும்பத்தோடு கிளம்பினோம். ஏறக்குறைய 560 கிலோமீட்டர். ஓட்டுவதற்கு ஒரு ஆக்டிங் டிரைவரைச் சொல்லி வைத்திருந்தான் தம்பி. நாளுக்கு 1,200 ரூபாய், சாப்பாடு தனி. ராசிபுரத்துக்காரர், இருபது வருஷத்துக்கு மேல் லாரி ஓட்டியவர். இந்த விடுமுறையில் காசு கொடுத்து வாங்கிய சேவைகளில் மனசு நிறைந்தது அவருடைய வேலையில்தான்.

செங்கல்பட்டு தாண்டியதும் பேச்சு தொடங்கியது. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு ஜாதகம் வைத்திருந்தார். "முன்னாடி மாலை வாடாத புது வண்டி போகுதா, நாலு வண்டி தள்ளியே போகணுங்க. அவரு கண்ணாடியைப் பார்க்க இன்னும் ஒரு மாசம் ஆகும்." கட்சிக் கொடி கட்டிய வெள்ளைக் கார் பின்னால் ஹை பீம் அடித்தால், மாமனார் வந்த மாதிரி எழுந்து வழிவிட வேண்டுமாம். மீன் வண்டியை மறிக்கவே கூடாது; ஐஸ் உருகுவதற்குள் மார்க்கெட் போய்ச் சேர வேண்டும். போர்வெல் போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியோ தேர் மாதிரி, அது வரும்போதுதான் வரும். பின்சீட்டில் பிள்ளைகள் அடுத்து வரும் வண்டியைக் காட்டிக் காட்டிக் கேட்டுச் சிரித்தார்கள்.

இங்கிலாந்திலும் இந்தப் பேச்சு உண்டு. பிஎம்டபிள்யூக்காரர் இண்டிகேட்டர் போடமாட்டார், வெள்ளை வேன்காரர் முதுகிலேயே ஒட்டிக்கொண்டு வருவார், கேரவன் இழுப்பவரால்தான் ரோடே அடைக்கிறது என்பார்கள். எனக்கும் ஒரு முடிவு இருந்தது: நம்மூர் லாரிக்காரர்களுக்கு லேன் ஒழுங்கு கிடையாது. அங்கே மூன்று லேன் மோட்டார்வேயில் கனரக லாரி வலது ஓரத்து லேனுக்கே வரக்கூடாது. காரணமில்லாமல் நடு லேனைப் பிடித்துக்கொண்டு போனாலே 100 பவுண்டு அபராதமும் லைசென்ஸில் 3 தண்டப் புள்ளியும் விழும். 2013லிருந்து போலீசே அந்த இடத்தில் போடலாம்.

உளுந்தூர்பேட்டை தாண்டி அப்படி ஒரு லாரி வலது லேனிலேயே போனது. "ஹாரன் அடிங்கண்ணா" என்றேன். அடிக்கவில்லை. விளக்கை இரண்டு முறை சிமிட்டிவிட்டுப் பின்னாலேயே போனார். அப்போதுதான் இடப்பக்கம் பார்த்தேன். புல்லுக்கட்டு ஏற்றிய டிவிஎஸ் எக்ஸ்எல் ஒன்று எங்களுக்கு எதிரே வந்துகொண்டிருந்தது. அதில் பின்னால் உட்கார்ந்திருந்த பெண் புல்லுக்கட்டை ஒரு கையால் பிடித்திருந்தார். சற்றுத் தள்ளி ஒரு வேன் பாதி ரோட்டில் நின்று ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. இரண்டையும் கடந்த பிறகு லாரி இடது இண்டிகேட்டர் போட்டு ஒதுங்கியது. நம்மவர் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுத் தாண்டினார்.

"லோடு வண்டி ஒருக்கா நின்னா மறுபடி கியர் மாத்தி மாத்தி எடுக்கணுங்க. லெஃப்ட்ல எவன் எப்ப வருவான்னு தெரியாது. அதான் ரைட்டைப் பிடிச்சிக்கறாங்க" என்றார். நாலு வழிச் சாலையில் காருக்கு 100, சரக்கு வண்டிக்கு 80 என்று 2018இல் உச்ச வேகம் வைத்தார்கள். அந்த 20 கிலோமீட்டர் வித்தியாசத்தில்தான் நம் கோபம் முழுவதும் இருக்கிறது. இடது லேன் காலியாக இருந்தும் ஒதுங்காத லாரிகளையும் அன்று பார்த்தேன், அவர்களுக்கு நான் பரிந்து பேசமாட்டேன். ஆனால் எதிர்த் திசையில் வரும் பைக்குகளை நிறுத்தாமல் லாரிக்காரரை மட்டும் திட்டுவது நியாயமே இல்லை.

லாரி கேபின் சூட்டைப் பற்றிக் கேட்டேன். கழுத்தில் நனைத்த துண்டைப் போட்டுக்கொண்டு ஓட்டுவாராம். அரை மணி நேரத்தில் காய்ந்துவிடுமாம். 2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏசி கட்டாயம். "இனி வர்ற பசங்களாச்சும் நல்லா இருக்கட்டுங்க" என்றார்.

இரண்டு குறைகள். ஒரு சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேக்கில் இரண்டு முறை பணம் எடுத்துவிட்டார்கள். கூடுதலாக எடுத்த பணம் நான் லண்டன் திரும்பும்வரை திரும்பி வரவில்லை. மற்றது பணத்தைவிடப் பெரிசு. திருச்சி தாண்டி ஒரு ஓட்டலில் எங்களோடு உட்காரப் போன அண்ணனை, டிரைவர்களுக்குப் பின்னால் தனி இடம் என்று சூப்பர்வைசர் தடுத்தார். அங்கே ஃபேன்கூட இல்லை. அண்ணன் பேசாமல் போகத் திரும்பினார். என் மனைவி அவர் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை வாங்கி எங்கள் மேசையில் வைத்து, "அண்ணா, இங்க உட்காருங்க" என்றாள். அதற்குமேல் யாரும் வாய் திறக்கவில்லை.

ஆக்டிங் டிரைவர் வைப்பவர்களுக்கு ஒன்று. பலர் இரவு முழுக்க ஓட்டச் சொல்லி, ஊர் சேர்ந்ததும் வண்டியிலேயே படுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். விடியற்காலை மூன்றிலிருந்து ஐந்து மணிவரை வருகிற தூக்கத்துக்கு எந்த டீயும் நிற்காது என்று அவரே சொன்னார். நாங்கள் பகலில்தான் போனோம். கோவில்பட்டியில் அம்மா அவருக்கு மாடி அறையைத் திறந்து பாய், தலையணை, ஒரு சொம்புத் தண்ணீர் வைத்தார். காலை ஏழு மணிவரை அவரை யாரும் எழுப்பவில்லை.